மற்றவை

மூன்றாம் எண் எச்சரிக்கை வந்த பிற்பகல்
எபேனில், ஆறாவது மாடியில்,
ஃபைபர் அறுந்தது.
மிஞ்சியது மைக்ரோவேவ் இணைப்பு ஒன்று,
இருபது மெகாபிட்.
வீடு போகாமல் மாட்டிக்கொண்ட
தொண்ணூறு பேர் தாகத்துக்கு
ஒரே ஒரு ஸ்ட்ரா.

"குரல் முதலில் போகட்டும்,
பிரான்ஸ் காத்திருக்காது" என்றார்
மதாம் சுப்ராயன், தன் வீட்டிலிருந்து.

விதிகள் எழுத உட்கார்ந்தேன்.

குரலுக்கு நாற்பத்தாறு.
நெற்றியில் அந்த எண் பெற்ற பொட்டலம்
எங்கும் நிற்காது.
காவடி வரும் நாளில் ரோஸ் ஹில் சாலையில்
கரும்பு லாரிகூட ஓரம் கட்டுமே,
அப்படி.
பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும்
டிஎன்எஸ் இரண்டாவது;
அதை மறித்தால் யாருக்கும் யார் வீடும் தெரியாது.
பணம் கட்டும் சர்வர் மூன்றாவது.
அஞ்சல் நான்காவது. அது பொறுமைசாலி.
சேர்ந்ததா, சேர்ந்ததா என்று கேட்டுக் கேட்டு
சேரும்வரை மறுபடி கிளம்பும்.

குரல் அப்படியில்லை.
தவறவிட்டதைத் தேடித் திரும்பாது.
பிந்தி வரும் சொல்லைவிட
வராத சொல்லே மேல் என்பது
யூடிபிக்குத் தெரியும்.
என் கல்யாணத்தில்
அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்டேட், யாரோ இறக்கும் சினிமா,
இன்னதென்று சொல்லத் தெரியாத எல்லாம்
கடைசி.
திரையில் அந்த வகுப்பின் பெயர்: மற்றவை.
இரண்டு சதவீதம் விட்டேன்.
தாராளம் என்று நினைத்தேன்.

கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது.
வரைபடத்தில் பச்சைக் கோடு நிமிர
சாம்பல் கோடு தரையோடு படுத்தது.
ஆறிப்போன தால் பூரியைத் தின்றேன்.

நான்கரைக்கு
வாசல் காவலர் சில்வெஸ்டர் பெரீன்
ஆறு மாடியும் படியேறி வந்தார்.
லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தோம்.
"மதாம் லெச்சுமனா, வைஃபை போயிட்டுதா?"
போகவில்லை, வரிசையில் நிற்கிறது என்றேன்.

போனை நீட்டினார்.
ரொட்ரிக்ஸில் ஒரு சரிவு. வெயில்.
அங்கே புயல் இல்லை.
ஒரு பெட்டியைத் தோளில் வைத்த ஆறு பேர்
தூக்கிய காலை வைக்காமல்
அப்படியே நின்றிருந்தார்கள்.
அவர்கள் மேல் சுழன்றது ஒரு சிறு வட்டம்.
"தம்பி" என்றார்.
"விமானமெல்லாம் ரத்து."

பட்டியலைப் பார்த்தேன்.
நானூற்று நாற்பத்து மூன்றாம் வாசல்.
அப்டேட் வருவதும் அதன் வழி,
செருப்புக் கடை வருவதும்,
ஷான் தெ மார்ஸில் எந்தக் குதிரைக்கு
என்ன விலை என்பது வருவதும்,
அந்தப் பெட்டி வருவதும்.
எல்லாருக்கும் ஒரே மழைக்கோட்டு,
கழுத்துவரை பொத்தான்.
உள்ளே யார் என்று நெறிமுறை கேட்பதில்லை.
கேட்காததுதான் அதன் மரியாதை என்று
இத்தனை வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

போனின் முகவரியைக் கேட்டேன்.
பன்னிரண்டு எழுத்து.
மழைச் சத்தத்தில் இரண்டு முறை வாசித்தார்,
பிரெஞ்சில், பள்ளிப் பையன் மாதிரி.
குரலுக்குக் கீழே, பணத்துக்கு மேலே
ஒரு வரி செருகினேன்.

வட்டம் நின்றது.
அந்த ஆறு பேர் காலைக் கீழே வைக்கவில்லை.
தாவினார்கள்.
பெட்டி இப்போது குழிக்குள்.
ஒரு பெண் கையில் மண்.
நடுவிலிருந்த பதினோரு நிமிடம்
எந்த வரிசையிலும் இல்லை;
தேடிப் பார்த்தேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே
மீதியைப் பார்த்தார்.
பணத்தின் கோடு கொஞ்சம் தொய்ந்தது.
தொலைபேசி அடித்தது. அடிக்கட்டும்.

ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில்
குறிப்பெழுத ஓர் இடம் உண்டு:
யாருக்காக, எதுவரை.
"பெரீன். அடக்கம் முடியும்வரை"
என்று தட்டினேன்.

ஏப்ரலில் தணிக்கைக்கு வந்த பையன்
அந்த வரியில் பேனாவை வைத்து
இது இன்னும் முடியவில்லையா என்றான்.
கீழே வாசலில்தான் இருப்பார்,
நீயே கேட்டுவிட்டு வா என்றேன்.

லிஃப்ட் வரை போனான்.
பொத்தானை அழுத்தினான்.
கதவு திறந்து, மூடியது.
திரும்பி வந்து
அடுத்த வரிக்குப் போனான்.